தூணுக்குப் பணமில்லை, கூடத்துக்கு உண்டு: நியூசிலாந்து நாட்டுப்புறங்களின் போர் நினைவு மண்டபங்கள்

இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, 1946-இல், நியூசிலாந்து அரசு தன் ஊர்களுக்கு ஒரு சலுகையை அறிவித்தது. போரில் மாண்டவர்களின் நினைவாக ஓர் ஊர் எவ்வளவு பணம் திரட்டுகிறதோ அவ்வளவு பணத்தை அரசும் தரும், பவுண்டுக்குப் பவுண்டு. நிபந்தனை ஒன்று உண்டு. எழுப்பப்படும் நினைவுச் சின்னம் மக்கள் கூடிப் பேசவும் படிக்கவும் ஆடவும் விளையாடவும் பயன்படும் சமூகக் கூடமாக இருக்க வேண்டும். வெறும் தூணுக்கோ சிலைக்கோ அரசுப் பணம் கிடையாது. இன்று அந்நாட்டின் சிற்றூர்கள் வழியே செல்கிறவர்கள் பால் பண்ணைக்கும் பெட்ரோல் நிலையத்துக்கும் இடையே 'வார் மெமோரியல் ஹால்' என்று எழுதிய எளிய கட்டடங்களை அடிக்கடி பார்ப்பதற்கு அந்த ஒரு நிபந்தனைதான் பெரிதும் காரணம்.

இறந்தவர்களை நினைக்கக் கட்டிய இடத்தில் ஏன் பூப்பந்து விளையாடுகிறார்கள், ஏன் அங்கேயே திருமண விருந்து நடக்கிறது என்ற கேள்வி வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எழும். அந்நாட்டவர்களுக்கே அது எழுந்திருக்கிறது. அதற்கான விடை முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் தொடங்குகிறது.

அப்போது நியூசிலாந்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 11 லட்சம். அவர்களுள் சுமார் 1 லட்சம் பேர் கடல் கடந்து போருக்குச் சென்றார்கள். ஏறத்தாழ 18,000 பேர் திரும்பவில்லை. இறந்தவர்களின் உடல்களைத் தாயகம் கொண்டு செல்லக் கூடாது என்பது பிரிட்டிஷ் பேரரசு முழுமைக்குமான கொள்கையாக இருந்ததால், அவர்கள் துருக்கியின் கலிப்பொலியிலும் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் புதைக்கப்பட்டார்கள். பலருக்கு அடையாளம் காணப்பட்ட கல்லறைகூட இல்லை. கப்பல் பயணத்துக்கு வாரக்கணக்கில் ஆகும் தொலைவில் இருந்த ஒரு பண்ணைக் குடும்பத்துக்கு, மகன் புதைந்த இடத்தில் ஒரு பூ வைப்பது என்பது நடவாத காரியம். ஆகவே ஊர் நடுவில், நான்கு சாலைகள் சந்திக்கும் இடத்தில், பெயர்கள் பொறித்த ஒரு தூண் எழுந்தபோது அது கல்லறைக்கு ஈடாகவே கருதப்பட்டது. நாடெங்கும் 500-க்கும் மேற்பட்ட பொது நினைவுச் சின்னங்கள் அக்காலத்தில் எழுந்தன; பெரும்பாலானவை தூண்கள், வளைவுகள், துப்பாக்கியைத் தலைகீழாக ஊன்றி நிற்கும் வீரன் சிலைகள்.

அப்போதும் மாற்றுக் குரல்கள் இருந்தன. நூலகம் கட்டலாம், மருத்துவமனையில் ஒரு பிரிவு கட்டலாம், நீச்சல் குளம் வெட்டலாம் என்று ஊர்க் கூட்டங்களில் பேசினார்கள். எதிர்த்தவர்களின் வாதம் வலுவானது. நூலகமும் குளமும் ஊருக்கு எப்படியும் தேவை. அவற்றைக் கட்டிவிட்டு இறந்தவர்களுக்காகக் கட்டினோம் என்பது, செலுத்த வேண்டிய வரியைக் காணிக்கை என்று சொல்வதற்கு ஒப்பாகும். தவிர, கூடத்தில் சனிக்கிழமை நடன ஆட்டம் நடக்கும், குடித்துவிட்டு வருவார்கள், பெயர்ப் பலகைக்கு எதிரே சிரிப்பும் சண்டையும் இருக்கும். துக்கத்துக்கு அது இடமாகாது என்றார்கள். சில ஊர்கள் அப்போதே கூடங்களைக் கட்டின என்பதும், ஆக்லாந்து நகரம் தன் நினைவுச் சின்னத்தை ஓர் அருங்காட்சியகமாகவே எழுப்பி 1929-இல் திறந்தது என்பதும் உண்மை. ஆனாலும் அந்தத் தலைமுறையில் வென்றது கல்தான். புதைக்க உடல் இல்லாத துக்கத்தின் முன்னால் பயன்பாட்டுக் கணக்கு எடுபடாமல் போனதில் வியப்பில்லை.

இரண்டாம் முறை நிலைமை மாறியதற்கு இரு காரணங்களைச் சொல்லலாம். முதலாவது எளிமையானது: தூண் ஏற்கெனவே இருந்தது. 1939–45 போரில் இறந்த ஏறத்தாழ 12,000 பேரின் பெயர்களைப் பல ஊர்களில் பழைய தூணின் அடிப்பீடத்திலேயே ஒரு புதிய பலகையாகச் சேர்த்துவிட்டார்கள். தந்தையின் தலைமுறைக்கு எழுப்பிய கல்லுக்கு அருகில் மகனின் தலைமுறைக்கு இன்னொரு கல் எதற்கு என்ற கேள்வி இயல்பாக எழுந்தது. இனிப் போரே வராது என்ற நம்பிக்கையோடு எழுப்பப்பட்ட தூண்கள் அவை. 20 ஆண்டுகளில் அந்த நம்பிக்கை பொய்த்த பிறகு அதே வடிவத்தை மீண்டும் எழுப்ப யாருக்கும் பெரிய ஆர்வம் இருந்திருக்க முடியாது.

இரண்டாவது காரணம் அரசியல். 1935-இல் ஆட்சிக்கு வந்த தொழிலாளர் கட்சி அரசு, ஓய்வு நேரத்தையும் பொது நலனாகப் பார்த்தது. உள்துறை அமைச்சர் பில் பாரியின் முயற்சியால் 1937-இல் உடல்நலம், பொழுதுபோக்கு குறித்த ஒரு சட்டம் வந்தது. 1938-இல் நாட்டுப்புற நூலக சேவை தொடங்கி, புத்தக வண்டிகள் தொலைவான ஊர்களுக்குப் போயின. அதே ஆண்டு, ஃபீல்டிங் என்ற சந்தை ஊரில் க்ராஃபர்ட் சாமர்செட், க்வென் சாமர்செட் என்ற கல்வியாளர் தம்பதி, நாடகமும் இசையும் குழந்தை வளர்ப்பு வகுப்பும் முதியோர் கல்வியும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் ஒரு சமூக மையத்தை நடத்தத் தொடங்கினார்கள். உள்துறைச் செயலராக இருந்த ஜோசப் ஹீனன் கலை இலக்கியத்தில் ஈடுபாடு கொண்டவர். அரசு பண்பாட்டுக்குச் செலவழிக்க வேண்டும் என்று நம்பியவர். ஆக, போர் முடிந்து நினைவுச் சின்னங்களைப் பற்றிய பேச்சு எழுந்தபோது, சமூக மையம் என்ற திட்டம் தயாராக இருந்தது. அதை ஊர்தோறும் கொண்டு செல்ல ஒரு காரணமும் நிதியும்தான் தேவைப்பட்டன. போர் நினைவு அந்தக் காரணத்தைத் தந்தது. இதைச் சூழ்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் இறந்தவர்களின் பெயரால் அரசு தன் சமூகக் கொள்கை ஒன்றை நிறைவேற்றிக்கொண்டது என்பதை மறைக்கவும் வேண்டியதில்லை.

ஊரின் பங்கைத் திரட்டுவது தனிக் கதை. 'குயீன் கார்னிவல்' என்ற ஏற்பாடு பெரிதும் கைகொடுத்தது. விளையாட்டுச் சங்கம், பண்ணையாளர்கள், வணிகர்கள் என்று ஒவ்வொரு பிரிவும் ஓர் இளம்பெண்ணை 'ராணி' வேட்பாளராக நிறுத்தும்; ஒவ்வொரு வாக்குக்கும் விலை உண்டு, ஒருவரே எத்தனை வாக்கு வேண்டுமானாலும் வாங்கலாம்; அதிகப் பணம் சேர்த்த பிரிவின் ராணிக்கு முடிசூட்டு. வாரக்கணக்கில் நடக்கும் ஆட்டங்கள், ஏலங்கள், கேக் விற்பனை எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். பண்ணையாளர்கள் ஆடுகளையும் கன்றுகளையும் நன்கொடையாகக் கொடுத்து ஏலம் விட்டார்கள். பணம் சேர்ந்த பிறகும் கட்டடம் உடனே எழவில்லை. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் சிமென்ட், மரம், இரும்புத் தகடு எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. வீடுகளுக்கே முன்னுரிமை தரப்பட்டது. கொரியப் போரால் 1951-இல் கம்பளி விலை மும்மடங்காக உயர்ந்தபோது ஆட்டுப் பண்ணை மாவட்டங்களில் பணம் புரண்டது. ஒரு போரில் இறந்தவர்களுக்கான மண்டபங்களுக்கு இன்னொரு போரின் விலையேற்றம் கைகொடுத்தது. பெரும்பாலான மண்டபங்கள் 1950-களில்தான் கதவு திறந்தன.

அவற்றின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். நுழைந்தவுடன் ஒரு சிறு முன்கூடம். அதன் சுவரில் பளிங்கிலோ ரிமு என்ற அந்நாட்டு மரத்திலோ செய்த பெயர்ப் பலகை. சில பலகைகளில் போருக்குச் சென்ற எல்லாருடைய பெயரும் இருக்கும், இறந்தவர்களின் பெயருக்கு அருகில் மட்டும் ஒரு சிறு சிலுவைக் குறி. இரட்டைக் கதவைத் தாண்டினால் பெரிய கூடம், பலகை பாவிய தரை, கடைசியில் மேடை. பின்சுவரின் மேலே திரைப்படம் காட்டும் கருவிக்கு ஓர் அறை. பக்கவாட்டில் விருந்தறை, அதற்கும் சமையலறைக்கும் இடையே தட்டுகளை நீட்டுவதற்கு ஓர் அகலமான சாளரம், அதன் பின்னால் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும் சுவர்க் கொதிகலன். சில ஊர்களில் தாய்–சேய் நலச் செவிலியருக்கு ஓர் அறையும், சந்தைக்கு வரும் பண்ணைப் பெண்கள் குழந்தையோடு இளைப்பாற ஓர் அறையும் சேர்த்துக் கட்டினார்கள். நம் ஊர்க் கல்யாண மண்டபத்தையும் பஞ்சாயத்துக் கட்டடத்தையும் ஒன்றாக்கி, வாசலில் ஒரு வீரர் பட்டியலை மாட்டியதைப் போன்றது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஹீனன் மனத்தில் கண்ட நாடகக் குழுக்களும் முதியோர் வகுப்புகளும் சில ஊர்களில் நடந்தன. ஆனால் மண்டபத்தை வாழவைத்தவை ஆட்டமும் விருந்தும்தான். அழைப்பில் 'பெண்கள் ஒரு தட்டு' என்று இருக்கும். அதாவது வரும் பெண்கள் வீட்டிலிருந்து ஒரு தட்டு பலகாரம் கொண்டுவர வேண்டும், அதுதான் அவர்களுக்கு நுழைவுக் கட்டணம். 21-ஆம் பிறந்தநாள், திருமணம், மலர்க் கண்காட்சி, வாக்குச் சாவடி, இறுதிச் சடங்குக்குப் பிந்தைய தேநீர் என எல்லாம் அதே தரையில் நடந்தன. அந்நாட்டில் மதுக்கடைகள் மாலை 6 மணிக்கு மூட வேண்டும் என்ற விதி 1917-இல் போர்க்கால ஏற்பாடாக வந்து 1967 வரை நீடித்தது. இரவில் சென்று உட்கார ஊரில் வேறு பொது இடம் அநேகமாக இல்லாத அந்தக் காலத்தில், சனிக்கிழமை ஆட்டத்துக்கு மண்டபம் நிரம்பியதற்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம்.

வடக்குத் தீவின் கிழக்குக் கடற்கரையில் உள்ள ருவாட்டோரியாவின் கதை இந்தப் பொதுப் போக்கிலிருந்து விலகியது. கிஸ்பர்ன் நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில், ஹிக்குராங்கி மலையின் அடிவாரத்தில், வையாப்பு ஆற்றுப் படுகையில் இருக்கும் சிற்றூர் அது. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளுள் ஙாத்தி பொரோ என்னும் இனக்குழுவின் மையம். அக்குழுவைச் சேர்ந்த சர் அபிரானா ஙாட்டா 1905 முதல் 1943 வரை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். இன்று அந்நாட்டு 50 டாலர் தாளில் இருக்கும் முகம் அவருடையது. பண்ணைக் கூட்டுறவு, பால் பண்ணைத் தொழில், மரச்செதுக்குக் கலையின் மறுமலர்ச்சி ஆகியவற்றை ஒரே திட்டத்தின் பகுதிகளாகப் பார்த்தவர். அவருடைய முயற்சியால் 1920-களின் பிற்பகுதியில் ரோட்டொருவாவில் மாவோரிக் கலைப் பள்ளி தொடங்கியது. அங்கே தேர்ந்த பைன் தையாப்பா பின்னாளில் நாடெங்கும் செதுக்கு வேலைப்பாடு கொண்ட கூட்ட வீடுகளை உருவாக்கினார்.

முதல் உலகப் போரில் இறந்த ஙாத்தி பொரோ வீரர்களுக்கு அருகிலுள்ள டிக்கிடிக்கியில் ஙாட்டா எழுப்பியது தூணன்று, ஒரு தேவாலயம். 1926-இல் கட்டி முடிக்கப்பட்ட புனித மரியாள் ஆலயத்தின் உட்புறம் முழுக்க மாவோரிச் செதுக்கு வேலைப்பாடு. அதன் வண்ணக் கண்ணாடிச் சன்னலில் சிலுவையின் அடியில் மண்டியிட்டிருக்கும் இரு வீரர்கள். நாட்டின் பிற ஊர்கள் கல்லா, கூடமா என்று விவாதித்துக்கொண்டிருந்த காலத்தில், வாரந்தோறும் ஆள் புழங்கும் ஒரு கட்டடமே நினைவுச் சின்னமாக இருக்க முடியும் என்பதில் இங்கு யாருக்கும் ஐயம் இருந்ததாகத் தெரியவில்லை.

இரண்டாம் போரில் மாவோரிகள் தன்னார்வமாகச் சேர்ந்த 28-ஆம் படைப்பிரிவில் சுமார் 3,600 பேர் பணியாற்றினார்கள். 649 பேர் உயிரிழந்தார்கள். அதன் 'சி' கம்பெனி கிழக்குக் கடற்கரைக்காரர்களைக் கொண்டது. குதிரையேற்றத்தில் பழகிய அவர்களுக்குக் 'கௌபாய்கள்' என்றே பட்டப்பெயர். அதில் இரண்டாம் லெப்டினன்டாக இருந்த ருவாட்டோரியாக்காரரான மோவானா-நுயி-அ-கீவா ஙாரிமு, 1943 மார்ச் 27 அன்று துனீசியாவின் டெபாகா கணவாயில், கைப்பற்றிய குன்றைக் காக்கும் சண்டையில் இறந்தார். வயது 23. மறைவுக்குப் பின் அவருக்குப் பிரிட்டிஷ் பேரரசின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. அந்த விருதை 1943 அக்டோபர் 6 அன்று ஆளுநர் நாயகம் சர் சிரில் நியூவால் அவருடைய பெற்றோரிடம் அளித்த இடம் ருவாட்டோரியாவின் ஃபகாருவா பூங்கா, ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். அந்த நிகழ்வை ஒட்டி ஙாட்டா ஒரு குறுநூல் எழுதினார். குடியுரிமைக்கு மாவோரிகள் கொடுத்த விலை இது என்பது அதன் சாரம். கொடுத்த விலைக்கு ஈடான சம உரிமை எங்கே என்ற கேள்வியும் அதனுள் இருந்தது.

அதே பூங்காவில்தான் 1947-இல் உவெப்போஹாட்டு மண்டபம் திறக்கப்பட்டது. இரு உலகப் போர்களிலும் சென்றவர்களுக்கான நினைவிடம் அது. ஙாட்டாவின் வழிகாட்டுதலில், பைன் தையாப்பாவின் தலைமையில் செதுக்கப்பட்டது. வெளியே நின்று பார்த்தால் ஊர்ப் பொது மண்டபம். உள்ளே சுவரெங்கும் முன்னோர்களின் செதுக்குருவங்களும், அவற்றுக்கிடையே பின்னல் பலகைகளும். ஃபகாருவா பூங்கா அந்த வட்டாரத்தின் ரக்பி மைதானமும்கூட. மண்டபத்துக்கு அருகிலேயே போட்டி நடக்கிறது.

முதல் போருக்குப் பின் தூணை ஆதரித்தவர்கள் அஞ்சிய முரண்பாடு இங்கே எழவில்லை என்பது கவனிக்கத்தக்கது. மாவோரி மரபில் கூட்ட வீடு என்பதே முன்னோரின் உடல். முகட்டு விட்டம் முதுகெலும்பு, குறுக்குச் சட்டங்கள் விலா எலும்புகள். மக்கள் அதற்குள் உறங்குகிறார்கள், வாதிடுகிறார்கள், பாடுகிறார்கள், இறந்தவரைக் கிடத்தி மூன்று நாள் அழுகிறார்கள். இறந்தவர்களின் படங்கள் சுவரில் தொங்க, பேசுகிறவர்கள் அவர்களை நோக்கியும் பேசுவார்கள். புனிதத்தைக் காக்க வேண்டிய எல்லைகளும் அங்கே தெளிவாக உண்டு. உணவு கூட்ட வீட்டுக்குள் வருவதில்லை, அதற்குத் தனிக் கூடம். இரண்டாம் போருக்குப் பின் மாவோரிக் குடியிருப்புகளில் அத்தகைய உணவுக் கூடங்கள் பலவும் போர் நினைவாகக் கட்டப்பட்டன. புழக்கம் நினைவைக் கெடுக்கும் என்ற ஐரோப்பிய வழி வந்தவர்களின் அச்சமும், புழங்கினாலே நினைவு தானாக நிலைக்கும் என்ற அரசின் நம்பிக்கையும் இரண்டுமே அரைகுறை என்பதை இந்த மரபு காட்டுகிறது. புழங்குவதற்கு ஒரு முறையும், பெயர்களை வாய்விட்டுச் சொல்லும் வழக்கமும் இருந்த இடங்களில் கூடம் நினைவைச் சுமந்தது. முன்கூடத்தில் பலகையை மாட்டிவிட்டு உள்ளே போய்விட்ட இடங்களில், இரண்டு தலைமுறைக்குள் அந்தப் பலகை குடை வைக்கும் இடத்துக்கு மேலே இருக்கும் ஒரு பொருளாகிவிட்டது.

இதற்கு நல்ல சான்று ஏப்ரல் 25. ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் கலிப்பொலியில் தரையிறங்கியதன் நினைவு நாளான அன்சாக் நாளன்று அதிகாலையில் மக்கள் கூடுவது பெரும்பாலான ஊர்களில் 1920-களின் தூணைச் சுற்றித்தான், மலர்வளையம் அங்கேதான். அது முடிந்து தேநீருக்கும் பிஸ்கட்டுக்கும்தான் மண்டபத்துக்குப் போகிறார்கள்; மழை பெய்தால் மட்டும் சடங்கும் அதற்குள் நடக்கும்.

மண்டபங்களின் சரிவுக்குப் பெரிய மர்மம் எதுவும் இல்லை. 1960-இல் தொலைக்காட்சி வந்தது. திரைப்பட அறை பூட்டப்பட்டது. தார்ச்சாலையும் காரும் பக்கத்து நகரத்தை அருகில் கொண்டுவந்தன. மதுக்கடைகள் இரவு 10 மணி வரை திறந்திருக்கத் தொடங்கின. 1984-க்குப் பின் அரசு வேளாண் மானியங்களை அடியோடு நிறுத்தியபோது பண்ணைக் குடும்பங்கள் குறைந்தன, பள்ளிகள் இணைக்கப்பட்டன, அஞ்சலகங்கள் மூடப்பட்டன. ஆனால் இவற்றைவிடக் குறைவாகப் பேசப்படும் மாற்றம் ஒன்று உண்டு. பெரும்பாலான மண்டபங்களின் பராமரிப்பு அந்தந்தச் சிறு உள்ளூர் மன்றங்களின் கையில் இருந்தது. மன்ற உறுப்பினரே மண்டபக் குழுவிலும் இருப்பார், கூரை ஒழுகினால் அவருக்கே தெரியும். 1989-இல் 800-க்கும் மேற்பட்ட உள்ளாட்சி அமைப்புகள் 86-ஆகச் சுருக்கப்பட்டன. ஒரே இரவில் பத்துப் பதினைந்து மண்டபங்கள் தொலைவில் இருக்கும் ஒரு மாவட்ட மன்றத்தின் சொத்துப் பட்டியலில் வரிசை எண்களாயின. அந்த மன்றத்தின் கணக்காளருக்கு, வருடத்தில் நாற்பது நாள் மட்டும் வாடகைக்குப் போகும் கட்டடம் என்பது வீண் செலவு. அவர் கணக்கில் தவறில்லை. ஆனால் அந்தக் கட்டடம் எந்தக் கணக்கில் கட்டப்பட்டதோ அது அவருடைய பேரேட்டில் இல்லை.

அடுத்த அடி நிலநடுக்கம். 2011 பிப்ரவரி 22 அன்று கிறைஸ்ட்சர்ச்சில் 185 பேர் இறந்ததையடுத்து, பழைய கட்டடங்களுக்கான விதிகள் இறுகின. 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, அதே இடத்தில் புதிதாகக் கட்டும் கட்டடத்துக்கு வேண்டிய வலிமையில் 34 சதவீதத்தைக்கூட எட்டாதவை நிலநடுக்க அபாயக் கட்டடங்களாகக் கருதப்படலாம் என்றானது. அபாயம் மிகுந்த வட்டாரங்களில் 15 ஆண்டுகளுக்குள், முன்னுரிமைக் கட்டடங்களானால் ஏழரை ஆண்டுகளுக்குள், அவற்றை வலுப்படுத்த வேண்டும் அல்லது இடிக்க வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. ஊரார் கூடிக் கட்டிய செங்கல், சிமென்ட் கட்டைச் சுவர்களும், நடுவில் தூணே இல்லாத அகலமான கூடங்களும் இத்தகைய ஆய்வில் எளிதில் தேறுவதில்லை. வலுப்படுத்தும் செலவு கட்டடத்தின் சந்தை மதிப்பைத் தாண்டிவிடுவதும் உண்டு.

இப்போது ஊர்களுக்கு முன்னால் உள்ள வழிகள் சில. மாவட்ட மன்றம் வரிப் பணத்தில் வலுப்படுத்தலாம். ஊரார் ஓர் அறக்கட்டளை அமைத்து மண்டபத்தைத் தாங்களே எடுத்துக்கொண்டு, அரசு லாட்டரி நிதியிலிருந்து மானியம் கேட்கலாம். அல்லது இடித்துவிட்டுப் பலகையை நூலகத்துக்கோ பூங்காவுக்கோ மாற்றலாம். புயல் வெள்ளத்தில் சாலைகள் அறுபட்டு ஊர்கள் தனித்தீவுகளாகும்போது தங்குமிடமாகப் பயன்படும் என்பதே இன்று மண்டபத்தைக் காக்க விரும்புவோரின் வலுவான வாதம். 2023 பிப்ரவரியில் கேப்ரியேல் புயல் கிழக்குக் கடற்கரையைத் தாக்கிய பிறகு அந்த வாதத்துக்குச் செவிசாய்ப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். போர் நினைவு என்ற காரணம் மனுக்களில் இரண்டாம் பத்தியில்தான் வருகிறது. 2024-இல் அரசு வலுப்படுத்தும் காலக்கெடுவை 4 ஆண்டு நீட்டித்து, விதிகளையே மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொண்டது. பல மண்டபக் குழுக்கள் இதற்கிடையே கூரைக்குச் சாயம் பூசி, ஆட்டத் தரைக்கு மெழுகு போட்டு, வாடகைப் புத்தகத்தை நிரப்ப முயன்றுகொண்டிருக்கின்றன.